இருபதாம் நம்பர் மரியாதை

சூக்பெல் மாவட்டத்தில் வண்டிகளுக்கு இன்ஜின் ஆயில் ஊற்றுவதில்லை. பரிமாறுவார்கள்.

வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் புரியாது. ஆம்புலன்ஸ் டிரைவர் தெமிர்குல் ஒரு தடவை நரின் நகரத்து மெக்கானிக் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தான். அவர் சிரிக்கக்கூட இல்லை. "காலையில ஏதாவது சாப்பிட்டியா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

நடந்தது இதுதான். சில வருடங்களுக்கு முன்னால் மாவட்ட வண்டிகள் எல்லாவற்றுக்கும் குளிர்கால ஆயில் மேலிடத்திலிருந்து வந்து இறங்கியது. எல்லா டின்னும் ஒரே நம்பர் இல்லை. ஜீரோ, ஐந்து, பத்து, பதினைந்து, இருபது என்று கலந்துகட்டி வந்திருந்தது. டின்னில் முதலில் போட்டிருக்கும் நம்பர் சின்னதாக இருந்தால், மைனஸ் முப்பதிலும் ஆயில் இளகி ஓடும். பெரிதாக இருந்தால் கொழுப்பு மாதிரி கட்டிப்போய் நின்றுவிடும். சூக்பெல்லில் இது எல்லோருக்கும் தெரியும். ஆணையத்துக்கும் தெரியும். ஆனால் தெரிவது வேறு, முறை வேறு.

ஸ்டோர் கீப்பர் முறை தெரியாதவர். இருப்பதிலேயே நல்ல ஆயில் என்று ஜீரோ நம்பர் டின்னை எடுத்து மாவட்டத் தலைவர் தோலோகோன் ஜுமாயெவிச்சின் ஜீப்புக்கு வைத்துவிட்டார். தலைவர் டின்னைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஜீரோவா?" என்றார். "பள்ளிக்கூடத்துல அஞ்சுக்கு ரெண்டு வாங்குனவன்கூட ஜீரோ வாங்குனதில்ல. இந்த மாவட்டத்தையே நான் தாங்கிட்டிருக்கேன். என் வண்டிக்கு ஜீரோன்னா, அப்போ நான் யாரு?"

ஸ்டோர் கீப்பரை மறுநாளே கணவாய்க்கு மேலே இருக்கும் வானிலைக் குடிசைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே இப்போது அவருக்குத் தினமும் மைனஸ் நம்பர்தான்.

அதற்குப் பிறகு பிறந்ததுதான் 'குளிர்கால ஆயத்தம், திரவங்கள் மற்றும் ஒழுங்கு ஆணையம்'. ஆணையத்தின் ஆயில் நிபுணர் அனார்குல் மேடம். அவர் அதற்கு முன்னால் மாவட்டக் கலையரங்கத்தின் இயக்குநராக இருந்தவர். மேடையில் யாரை எங்கே உட்கார வைப்பது என்பதில் இருபது வருட அனுபவம். ஆயில் விஷயத்தை முதல் கூட்டத்திலேயே முடித்துவைத்தார்.

"விருந்துன்னா மூத்த ஆம்பளைக்கு இடுப்பெலும்பு. மூத்த பொம்பளைக்கு வாலெலும்பு. மருமகனுக்கு நெஞ்செலும்பு. இதுல யாருக்காவது சந்தேகம் இருக்கா? இல்ல. ஆட்டுக்கே ஒரு வரிசை இருக்கும்போது ஆயிலுக்கு இருக்கக் கூடாதா? இருபது நம்பர் தலைவருக்கு. பதினஞ்சு துணைத் தலைவர்களுக்கு. பத்து துறைத் தலைவர்களுக்கு. அஞ்சு பள்ளிக்கூடங்களுக்கு."

"டின்னுல வேற மாதிரி எழுதியிருக்கே மேடம்?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

"அது கம்பெனிக்காரனோட கருத்து" என்றார் அனார்குல்.

ஜீரோ மிஞ்சியது. அதை யார் வாசல் பக்கமாகக் கடைசி இடத்தில் உட்காருகிறார்களோ அவர்களுக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவானது. வாசல் பக்கமாக உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் தெமிர்குல். இன்னொருவன் குப்பை லாரி ஓட்டும் ஓமுர்சாக்.

அந்தக் குளிர்காலத்தில் முதல் பெரிய உறைபனி இறங்கிய காலையில், மாவட்ட வண்டிகள் எதுவும் செல்ஃப் எடுக்கவில்லை. ஆம்புலன்ஸும் குப்பை லாரியும் மட்டும் சாவியைத் திருப்பியதும் உறுமிக்கொண்டு கிளம்பின. தலைவரின் ஜீப் கணப்பு போட்ட கொட்டகையில் நிற்பது. அதை ராத்திரி முழுக்க அணைப்பதும் இல்லை. ஆகவே அது கணக்கில் வராது. மற்ற வண்டிகளை ஓமுர்சாக் கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டியதாகிவிட்டது. இழுப்பதற்கும் வரிசை வகுத்தார்கள். முதலில் துணைத் தலைவர்கள், பிறகு துறைகள். கல்வித் துறை வண்டியை விவசாயத் துறைக்கு முன்னால் இழுத்துவிட்டதாக ஓமுர்சாக் மேல் ஒரு புகார்கூட வந்தது.

தலைவர் இதற்கும் கூட்டத்தில் விளக்கம் கொடுத்தார். "சின்ன ஆளு கூப்பிட்டதும் எந்திரிச்சு ஓடுவான். அது அவன் வேலை. பெரியவர் அப்படி ஓடுவாரா? மெதுவாத்தான் எந்திரிப்பாரு. ரெண்டு பேர் கை குடுத்துத் தூக்கி விடுவாங்க. நம்ம வண்டிங்க காலையில எந்திரிக்கலைன்னா அது பழுது இல்ல. கண்ணியம்."

கை தட்டினார்கள். தெமிர்குலும் தட்டினான். அவனுக்கு வருத்தம் எதுவும் இல்லை. கடைசி இடம், ஜீரோ ஆயில், யாரும் திரும்பிப் பார்க்காத வாழ்க்கை. அவனுக்கு வேண்டியதும் அதுதான்.

ஏனென்றால் அவனுக்கு சாய்ரகான் அக்கா இருந்தாள்.

சொந்த அக்கா இல்லை. சந்தையில் குருத் விற்கிறவள். குருத் என்றால் தயிரை உப்புப் போட்டு உருட்டிக் காயவைத்த உருண்டை. இரண்டு சிறுநீரகமும் போன பிறகு அவள் உப்பை நாக்கில் வைக்கக் கூடாது. ஆனாலும் விற்றுக்கொண்டுதான் இருந்தாள். வாரம் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, தெமிர்குல் அவளை ஏற்றிக்கொண்டு கணவாயைத் தாண்டி நரின் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் மெஷினுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு தடவை தவறினால் மூச்சு வாங்கும். இரண்டு தடவை தவறினால் நுரையீரலில் நீர் ஏறிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்றாவதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. குளிர்காலத்தில் கணவாய்ச் சாலையில் தனியார் வண்டிகளை விட மாட்டார்கள். அதுவும் ஆணையத்தின் உத்தரவுதான்.

அவன் ஓட்டியது பழைய ரஷ்ய வேன். உருண்டையாக இருப்பதால் அந்த ரக வேனுக்கு ஊரில் 'மாத்திரை' என்று பேர்.

"உலகத்துல மாத்திரைக்குள்ள ஒக்காந்து போற ஒரே நோயாளி நான்தான்டா தம்பி" என்பாள் சாய்ரகான். "மத்தவங்கெல்லாம் முழுங்குவாங்க."

"பேசாம வாங்கக்கா. பேசினா தாகம் எடுக்கும். தண்ணி குடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கல்ல."

"உன் மூஞ்சியப் பார்த்தாலே தாகம் எடுக்குது. வறண்ட மூஞ்சி."

இப்படியே மூன்று குளிர்காலம் ஓடிவிட்டது. ஒரு நாள்கூட மாத்திரை அவளைக் கைவிட்டதில்லை. வினையே அதில்தான் வந்தது.

மேலிடத்திலிருந்து ஆணையத்துக்கு ஒரு கேள்வி வந்தது. உங்கள் மாவட்டத்தில் குளிர்காலத்தில் ஒரு நாளும் நிற்காமல் ஓடிய வண்டி எது, அதன் ரகசியம் என்ன? ஆணையம் யோசித்தது. ரகசியம் ஆணையம்தான் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. வண்டி ஆம்புலன்ஸ். அப்படியானால் அதற்கு மரியாதை செய்ய வேண்டும்.

விழாவை மாவட்டக் கொட்டகையில் வைத்தார்கள். ஆடு வெந்துகொண்டிருந்தது. தெமிர்குலுக்கு நீளமான பட்டு அங்கியைப் போர்த்தினார்கள். ஆம்புலன்ஸின் முன்பக்கத்தில் பூ வேலை செய்த கம்பளத்தை விரித்தார்கள். கூரையில் சுழலும் விளக்குக்கு ஒரு வெள்ளைக் கம்பளித் தொப்பி மாட்டினார்கள். அளவு சரியாக இருந்தது.

தலைவர் எழுந்தார். "இந்த வண்டி இத்தனை நாளும் வாசல் பக்கம் கெடந்தது. ஜீரோவுல கெடந்தது. மனசு கேக்குமா? இன்னையிலேர்ந்து இதுக்கு பத்து! துறைத் தலைவர்களுக்குச் சமம்!"

தெமிர்குல் அவசரமாகக் கையை ஆட்டினான். "ஐயோ தலைவரே, வேண்டாம்" என்றான். "ஜீரோவே போதும். எனக்கு அதுதான் தோது."

கூட்டம் நெகிழ்ந்துபோனது. சூக்பெல்லில், வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் மேல் இடத்தில் உட்காரச் சொன்னால் யாரும் உடனே உட்கார மாட்டார்கள். வேண்டாம் என்பார்கள். கூப்பிட்டவர் கையைப் பிடித்து இன்னும் மேலே தள்ளுவார். மறுபடியும் வேண்டாம் என்பார்கள், இன்னும் மேலே தள்ளுவார்கள். எவ்வளவு மறுக்கிறானோ அவ்வளவு நல்ல வளர்ப்பு. இந்தப் பழக்கத்தை ஒரு நிமிஷம் மறந்துபோய், நிஜமாகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டான் தெமிர்குல்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா! எப்பேர்ப்பட்ட தாய் வளர்த்த பிள்ளை!" என்றார் தலைவர். "பதினஞ்சு! துணைத் தலைவர்களுக்குச் சமம்!"

"தலைவரே, காலுல விழறேன். வண்டி கிளம்பாது. ஒரு நோயாளி இருக்காங்க..."

"தனக்காக ஒரு வார்த்தை கேக்கல! நோயாளிக்காகக் கேக்கறான்!" தலைவரின் குரல் தழுதழுத்தது. "இருபது! எனக்குச் சமம்! போதுமா?"

இன்னொரு தடவை மறுத்தால் இது எங்கே போய் நிற்குமோ என்று பயந்து தெமிர்குல் வாயை மூடிக்கொண்டான்.

"பேச்சே வரலை பாவம்" என்றார் அனார்குல் மேடம், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அங்கேயே, எல்லோர் கண்ணுக்கும் முன்னால், ஜீரோ ஆயிலை இறக்கிவிட்டு இருபதை ஊற்றினார்கள். கணப்புப் போட்ட கொட்டகையில் அதுவும் அழகாக ஓடத்தான் செய்தது. ஆயில் சேம்பரின் அடி நட்டுக்கு ஆணையத்தின் ஈய முத்திரையைக் குத்தினார்கள். இனி யாரும் அந்த மரியாதையைக் குறைக்க முடியாது. பிறகு வண்டியை வெளியே தள்ளி, வழக்கமான இடத்தில், திறந்த வானத்தின் கீழே நிறுத்தினார்கள். கொட்டகையில் ஜீப்புக்கு மட்டும்தான் இடம்.

திங்கட்கிழமை காலை மைனஸ் முப்பத்திரண்டு. சாவியைத் திருப்பினான். உள்ளே யாரோ தூக்கத்தில் புரண்டு படுப்பது போல ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். பெட்ரோல் ஊதுவிளக்கைப் பற்றவைத்து ஆயில் சேம்பருக்கு அடியில் பிடித்தான். மரியாதைக் கம்பளத்தையே இன்ஜின் மேல் மூடினான். வெகுநேரம் கழித்து வண்டி இருமிக்கொண்டு எழுந்தது. அவர்கள் நரின் போய்ச் சேரும்போது சாய்ரகானின் மெஷினில் வேறு ஆள் படுத்திருந்தார். மிச்சமிருந்த நேரத்துக்குப் பாதி ரத்தம்தான் சுத்தமானது.

திரும்பி வரும்போது அவள் கணுக்கால் வீங்கியிருந்தது. அவள் அதைப் பார்க்காத மாதிரி இருந்தாள். அவனும் பார்க்காத மாதிரி ஓட்டினான்.

"அந்த முத்திரையப் பிச்சுப் போட்டுட்டு பழைய ஆயிலையே ஊத்துடா."

"போன வருஷம் பள்ளிக்கூட வேன்காரன் அவன் வண்டி முத்திரையப் பிச்சான்க்கா. வண்டிய சாட்சிப் பொருள்னு சொல்லிக் கட்டிப் போட்டாங்க. பனி உருகுற வரைக்கும் நின்னுச்சு. புள்ளைங்க நடந்து போச்சு."

"நான் நடந்து போகவா?"

அவன் கியரை மாற்றினான்.

புதன்கிழமை மைனஸ் முப்பத்தைந்து. ஊதுவிளக்கு தோற்றது. ஓமுர்சாக் குப்பை லாரியோடு வந்து கயிறு கட்டினான்.

"ஏய் மாத்திரை, இப்போ நீ பெரிய மனுஷன். இழுக்குற வரிசையில தலைவருக்கு அடுத்து நீதான். துணைத் தலைவருங்க கோவத்துல இருக்காங்க."

"இழுடா குப்பை."

இழுத்தான். கியரில் போட்டுக் கிளட்சை விட்டதும் சக்கரங்கள் சுற்றாமல் பனியில் கட்டை மாதிரி வழுக்கிக்கொண்டே வந்தன. தெரு முனை வரைக்கும் மாத்திரையைச் சறுக்கு வண்டி போல இழுத்துக்கொண்டு போனான் ஓமுர்சாக். ஜன்னல்களில் இருந்து ஆட்கள் மரியாதையாகப் பார்த்தார்கள். இவ்வளவு அசையாமல் தலைவரின் ஜீப்கூட நின்றதில்லை.

தன் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சாய்ரகான் மெதுவாக நடந்து வந்தாள். நாலு அடிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கினாள். குப்பை லாரியின் கதவைத் திறந்தாள்.

"தம்பி ஓமுர்சாக், என்னையும் ஒரு மூட்டையா நெனச்சு ஏத்திக்க."

மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்து கணவாயைத் தாண்டினார்கள். "குளிர்காலத்துல குப்பைகூட ஒழுக்கமா இருக்கு, நாத்தமே இல்ல" என்றாள் சாய்ரகான். ஆஸ்பத்திரிக் காவலாளி குப்பை லாரியை முன்வாசலில் விடவில்லை. பின்வாசலில், பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் அவளை இறக்கினார்கள். நேரத்துக்கு மெஷின் கிடைத்தது. வெளியே வரும்போது அவள் முகம் தெளிந்திருந்தது. வழி நெடுகத் தெமிர்குலின் பட்டு அங்கியைக் கிண்டல் பண்ணிக்கொண்டே வந்தாள்.

இனி இப்படியே ஓட்டிவிடலாம் என்று தெமிர்குல் நினைத்தான். ஆனாலும் முறையாக ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று சாயங்காலம் தலைவரைப் பார்க்கப் போனான். அதுதான் தப்பு.

"தலைவரே, தயவு பண்ணி எனக்கு ஜீரோவையே திருப்பிக் குடுத்துருங்க."

தலைவர் நாற்காலியில் சாய்ந்து அவனையே பார்த்தார். "இன்னும் மறுக்கிறே" என்றார் வியப்போடு. "நான் பாத்ததிலேயே நீதான்ப்பா நல்லா வளந்த பிள்ளை. ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாதே. பிஷ்கெக் தலைநகரத்துல இருபத்தஞ்சு நம்பர் கெடைக்குமான்னு விசாரிக்கச் சொல்லியிருக்கேன். பந்தயக் காருக்கு ஊத்துவாங்களாம். வரட்டும். நாம ரெண்டு பேரும் போட்டுக்கலாம்."

"தலைவரே, நோயாளி குப்பை லாரியில போறாங்க!"

"தெரியும். கேள்விப்பட்டேன். ஆணையத்துக்குக் கண்ணு இல்லைன்னு நெனச்சியா?" தலைவர் புன்னகைத்தார். "ஓமுர்சாக்கும் இத்தனை நாளு வாசல் பக்கந்தான் கெடக்குறான். நாளைக்கு வியாழக்கிழமை விருந்து. குப்பை லாரிக்கும் மரியாதை செய்றோம். அந்த அம்மாவும் வந்து நன்றி சொல்லணும்."

தெமிர்குல் நேராக ஓமுர்சாக் வீட்டுக்குப் போனான். சாய்ரகானும் அங்கே இருந்தாள். விஷயத்தைச் சொன்னான். மாவட்டத்தில் குளிரில் எழுந்து ஓடும் வண்டி ஒன்றே ஒன்றுதான் மிச்சம். நாளைக்கு அதற்கும் மரியாதை. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை.

"நான் வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றான் ஓமுர்சாக்.

"சொல்லு. நேரா இருபதுல போய் நிப்பே. நான் சொல்லித்தான் நின்னேன்."

"அப்போ சரின்னு சொல்லிட்டா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேல் இடம் கொடுத்ததும் உடனே சரி என்று சொன்ன ஆளை அவர்கள் பார்த்ததே இல்லை. அப்படிப்பட்டவனை என்ன செய்வார்கள் என்றும் தெரியவில்லை.

"கீழ எறக்குவாங்க" என்றாள் சாய்ரகான். "மரியாதை தெரியாதவனுக்கு வாசல்ல எடம். வாசல்ல என்ன ஊத்துறாங்க? ஜீரோ."

ஓமுர்சாக்குக்கு வியர்த்தது. "என்னால முடியாதுக்கா. 'மேல வாங்க'ன்னு யாராவது சொன்னா, 'ஐயோ வேண்டாம்'னு என் வாய் தானா சொல்லிரும். எங்கம்மா அடிச்சு அடிச்சுச் சொல்லிக் குடுத்தது. பல் டாக்டர்கிட்ட போனப்போகூட அந்த நாற்காலியில ஒக்கார மாட்டேன்னு மூணு தடவை சொன்னேன்."

"அது பயம்டா."

"பாதி பயம்தான். பாதி மரியாதை."

"சரி, நான் ஆரம்பிச்சு வைக்கிறேன்" என்றாள் சாய்ரகான். "எனக்கு வெக்கப்பட நேரமில்ல. வாரம் மூணு நாளு என் ரத்தத்தையே வெளிய எடுத்து ஊருக்குக் காட்டறேன். இனிமே என்கிட்ட மறைக்க என்ன இருக்கு?"

வியாழக்கிழமை கொட்டகையில் ஆடு வெந்தது. குப்பை லாரிக்கும் கம்பளம் விரித்திருந்தார்கள். இருபதாம் நம்பர் டின் ஒரு வெள்ளைத் துணி மேல் காத்திருந்தது. விரிப்பைச் சுற்றி ஆணையம் முழுவதும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. மேல் இடத்துக்குப் பக்கத்திலேயே தலைவர் நின்றார்.

"இன்னைக்கு நாம ஒரு எளிய மனுஷனைக் கௌரவிக்கிறோம். ஓமுர்சாக்! வாப்பா. மேல வா."

ஓமுர்சாக்கின் வாய் திறந்தது. 'ஐ' என்ற சத்தம் வெளியே வந்துவிட்டது. அதற்குள் சாய்ரகான் அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி, கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு, விரிப்பின் ஓரமாகச் சுற்றாமல் நடுவிலேயே நடந்து போனாள். மேல் இடத்தில் தலைவரின் மெத்தையில் உட்கார்ந்தாள். ஓமுர்சாக்கைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். தலைவரின் தட்டிலிருந்து இடுப்பெலும்பை எடுத்து ஓமுர்சாக்கின் தட்டில் போட்டாள்.

"ஏன் இவ்ளோ நேரமாக்குனீங்க?" என்றாள். "ஆயில் அதுதானா? டின்னு சின்னதா இருக்கே. இதுக்கு மேல ஒண்ணு பிஷ்கெக்லேர்ந்து வருதுன்னு சொன்னாங்களே? அதையும் குடுங்க."

ஆணையத்தில் யாருக்கோ டீ தொண்டையில் சிக்கியது. அனார்குல் மேடம், இருபது வருடம் ஆட்களை உட்கார வைத்தவர், தானே எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒரு முறை கீழே குனிந்து பார்த்துக்கொண்டார்.

தலைவரின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. கடைசியில் உத்தியோக நிறத்துக்கு வந்தது.

"முப்பது வருஷமா நான் மேல் இடத்துக்குப் போய்ட்டிருக்கேன்" என்றார். "ஒரு தடவைகூட ஆசைப்பட்டுப் போனதில்ல. ஒவ்வொரு தடவையும் மறுத்தேன். எல்லாரும் தள்ளித் தள்ளித்தான் போனேன். என்னைக் கேட்டா எனக்கு இந்தப் பதவியே வேண்டாம். அதனாலதான் இது எனக்குத் தகும். வேணும்னு சொல்றவனுக்கு எதுவும் குடுக்கக் கூடாது; வேண்டாம்னு சொல்றவனுக்குத்தான் எல்லாத்தையும் குடுக்கணும். மாவட்டமே இந்த அஸ்திவாரத்துலதான் நிக்குது. குப்பை லாரிக்கு ஜீரோ! நிரந்தரமா ஜீரோ!"

ஓமுர்சாக் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டான்.

தலைவர் திரும்பினார். கடைக்கோடியில் உட்கார்ந்திருந்த தெமிர்குலைப் பார்த்ததும் அவர் குரல் கனிந்தது. "இவங்க ரெண்டு பேரும் இருக்காங்களே, இவங்களைப் பாரு, உன்னைப் பாரு. தெமிர்குல், நீ இருபதுலயே இரு. உன்னை யாரும் எறக்க முடியாது."

ஒரு நிமிஷம் தெமிர்குல் யோசித்தான். குப்பை லாரிக்கு ஜீரோ கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்கு ஒரு வண்டி ஓடும். பேசாமல் இருந்துவிட்டாலே போதும். ஆனால் பின்வாசலில், பாத்திரம் கழுவும் இடத்தில் அவளை இறக்கிவிட வேண்டியிருக்கும். குப்பை லாரியை வேறு வேலைக்கு அனுப்பிய நாளில் என்ன செய்வது? சாய்ரகான் மேல் இடத்தில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு தூரம் நடந்ததில் அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. அதை மறைக்க வாயைக் கெட்டியாக மூடியிருந்தாள்.

"அதெல்லாம் எனக்கு எதுக்குத் தலை..." என்று அவன் வாய் தானாக ஆரம்பித்தது. தலைவர் மகிழ்ச்சியோடு முன்னால் சாய்ந்தார். எதிரே அனார்குல் மேடம் பேனாவைத் திறந்தார். இருபத்தைந்து காற்றில் மிதந்தது.

தெமிர்குல் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றான். அவன் அம்மா நல்லவேளையாக உயிரோடு இல்லை.

"ஆமா" என்றான். "எனக்குத் தகும். உங்களுக்குத்தான் தகாது. உங்க வண்டி கொட்டகையில படுத்துக் கெடக்கு. என் வண்டி மலையேறுது. உங்க இருபதை இறக்கிட்டு அதையும் எனக்கே ஊத்துங்க. நீங்க வாசல்ல போய் ஒக்காருங்க."

இந்த மாதிரி ஒரு வாக்கியம் அந்தக் கொட்டகையில் அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, யாரோ செத்துப்போன வீட்டில் பேசுவது போல மெல்லிய குரலில் சொன்னார்.

"முத்திரையை உடைங்க. இப்பவே. என் கண் முன்னால ஜீரோவை ஊத்துங்க. இந்த ரெண்டு வண்டியும் இனிமே வாழ்நாள் பூரா ஜீரோ. இவங்க வண்டியப் பாக்குற ஒவ்வொரு டிரைவருக்கும் இது பாடமா இருக்கணும்."

மாத்திரையைக் கயிறு கட்டிக் கொட்டகை வாசலுக்கு இழுத்து வந்ததும் மெக்கானிக் அதன் அடியில் படுத்தார். ஈய முத்திரை டக்கென்று விட்டது. விளக்கைப் பிடித்துச் சூடு காட்டக் காட்ட, இருபதாம் நம்பர் ஆயில் கறுப்புக் கயிறு மாதிரி மெதுவாகக் கீழே இறங்க ஆரம்பித்தது. அதன் பிறகு ஜீரோ டின்னைத் திறந்தார்கள்.

தெமிர்குலின் உதடு ஓரம் தானாக மேலே போனது. சாய்ரகான் அவன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தாள். பட்டு அங்கியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தலையக் குனிடா" என்றாள், வாய் அசையாமல். "சந்தோஷமா இருக்கறது தெரிஞ்சா மன்னிச்சு இருபதுக்கே ஏத்திருவாங்க."

தலைவர் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இளகிய மனசுக்காரர், எந்த நேரமும் மன்னித்துவிடக் கூடியவர். தெமிர்குல் தலையைக் குனிந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, அழுவதற்குத் தன்னால் ஆனதெல்லாம் செய்து பார்த்தான். கண்ணில் ஒரு பொட்டு ஈரம்கூட வரவில்லை. சாய்ரகான் வராத கண்ணீரை தலைத்துணியின் நுனியால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஓமுர்சாக் மட்டும் நிஜமாகவே விம்மி விம்மி அழுதான். அதைப் பார்த்து ஆணையம் திருப்தியடைந்தது. தண்டனை உறைத்திருக்கிறது என்று அனார்குல் மேடம் எழுதிக்கொண்டார்.

அவன் தட்டிலிருந்து இடுப்பெலும்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். அவன் இன்னும் ஒரு வாய்கூடக் கடித்திருக்கவில்லை.